பிரிண்டர் 'ஆஃப்லைன்': சர்வீஸ்காரர் போன்ல சொன்னதுக்கு யாராவது அர்த்தம் சொல்லுங்களேன்

பில்புக்
திங்கள், காலை 11:20

எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் கணக்கு பாக்கறவ, கம்ப்யூட்டர் ஆளு இல்லீங்க. திருப்பூர்ல ஒரு நூல் வியாபார ஆபீஸ். 7 கம்ப்யூட்டர், ஒரு பெரிய காப்பியர். பிரிண்ட், ஸ்கேன் எல்லாம் அதுலதான்.

திங்கட்கிழமை ஆனா போதும், பாதி கம்ப்யூட்டர்ல பிரிண்டர் 'ஆஃப்லைன்'னு சாம்பல் நிறத்துல படுத்துக்குது. மிஷின் என்னமோ பச்சை லைட்டு போட்டு ஜோரா நிக்குது. காப்பி எடுத்தா வருது. இன்னைக்கு லோடு ஏத்தின வண்டி வாசல்ல நிக்க, டிரைவர் இ-வே பில்லுக்கு என் டேபிள் முன்னாடி நிக்க, நான் பென்டிரைவைத் தூக்கிட்டு தெருமுனை கம்ப்யூட்டர் சென்டருக்கு ஓடினேன்.

சர்வீஸ்காரருக்கு போன் போட்டா ஒரே மூச்சுல சொன்னார். பழைய பில்லுக்குப் பின்னாடி எழுதி வெச்சிருக்கேன், அப்படியே தர்றேன்: "டிஹெச்சிபில இருக்கும், ஸ்டேடிக் பண்ணுங்க. டபிள்யூஎஸ்டி போர்ட் இருந்தா தூக்கிட்டு டிசிபி ஐபி போர்ட் போடுங்க, 9100 ரா. எஸ்என்எம்பி டிக்கை எடுத்துடுங்க. கேட்வே மறக்காதீங்க."

வெச்சுட்டார். அதுல எனக்குப் புரிஞ்ச ஒரே வார்த்தை 'மறக்காதீங்க'.

ஓட்டைக்குடை
திங்கள், காலை 11:31

ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?

பில்புக்
திங்கள், காலை 11:33

பண்ணாம இருப்பேனுங்களா. மூணு வாட்டி.

டோனர்_கை
திங்கள், பகல் 12:10

மேடம், இந்த காப்பியர் சர்வீஸ்ல 18 வருஷமா இருக்கேன். அந்த ஆள் சொன்னது அத்தனையும் சரி, சொன்ன வேகம்தான் தப்பு. அர்த்தம் சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாத்துச் சொல்லுங்க.

காப்பியரோட மெனுல 'நெட்வொர்க்' இல்ல 'ரிப்போர்ட்'ங்கற இடத்துக்குள்ள போனா கான்ஃபிகரேஷன் பேஜ்னு ஒண்ணு பிரிண்ட் ஆகும். அதுல 'ஐபி அட்ரஸ்'னு ஒரு எண் இருக்கும். அப்புறம் உங்க கம்ப்யூட்டர்ல அந்தப் பிரிண்டர் மேல ரைட் கிளிக் பண்ணி 'பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ்', அதுல 'போர்ட்ஸ்'. டிக் அடிச்சிருக்கற வரியில என்ன எழுதியிருக்கு?

இன்னொண்ணு. சனிக்கிழமை ஆபீஸ் பூட்டும்போது கரன்டை மொத்தமா அணைக்கறீங்களா?

பில்புக்
திங்கள், பகல் 12:48

எப்படிங்க கண்டுபுடிச்சீங்க? முதலாளி சனிக்கிழமை சாயங்காலம் மெயினையே இறக்கிட்டுத்தான் சாவி போடுவார்.

காப்பியர் பேப்பர்ல 192.168.1.4. என் கம்ப்யூட்டர்ல 192.168.1.7. பக்கத்து டேபிள் பையன்து கம்ப்யூட்டர்ல எண்ணே இல்ல, டபிள்யூஎஸ்டின்னு ஆரம்பிச்சு வால் மாதிரி நீளமா என்னமோ.

டோனர்_கை
திங்கள், மதியம் 2:25

சாப்பிட்டு வந்து உக்காந்திருக்கேன், நிதானமா எழுதறேன்.

ஐபி அட்ரஸ்ங்கறது உங்க ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ள ஒவ்வொரு கருவிக்கும் இருக்கற எண். 192.168-ல ஆரம்பிச்சா அது வீட்டுக்குள்ள, ஆபீஸுக்குள்ள மட்டும் புழங்கற எண். உங்க ஆபீஸ்லயும் 192.168.1.4 இருக்கும், எதிர்த்த பில்டிங்லயும் இருக்கும், ஒண்ணோட ஒண்ணு மோதாது.

இந்த எண்ணை யார் குடுக்கறது? உங்க ரவுட்டர். குடுக்கற முறைக்குப் பேர்தான் டிஹெச்சிபி. லாட்ஜ்ல ரூம் போடற மாதிரி நினைச்சுக்கங்க. வந்து நிக்கறவனுக்கு எந்த ரூம் காலியோ அந்தச் சாவி. சாவிக்குக் கெடு உண்டு, அதுக்கு 'லீஸ்'னே பேர். கெடு முடியறதுக்குள்ள கருவி மறுபடி கேட்டுப் புதுப்பிச்சுக்கும். அதனால ரவுட்டர் அணையாம ஓடிக்கிட்டிருக்கற வரைக்கும் பெரும்பாலும் அதே எண்தான் திரும்பத் திரும்ப வரும், யாருக்கும் பிரச்சினை தெரியாது.

உங்க ஆபீஸ்ல நடக்கறது இதுதான். சின்ன ரவுட்டர் பலதும் யாருக்கு எந்த ரூம்னு எழுதின நோட்டை நிரந்தரமா வெச்சுக்கறதில்ல. கரன்ட் போனா நோட்டும் போச்சு. திங்கட்கிழமை காலைல மெயினைப் போட்டதும் முதல்ல கண் முழிக்கறவனுக்கு முதல் ரூம். போன வாரம் 7-ல இருந்த காப்பியர் இந்த வாரம் 4-ல. உங்க கம்ப்யூட்டருக்கு அது தெரியாது, அது இன்னும் 7-வது ரூம் கதவைத் தட்டிக்கிட்டு நிக்குது. பதில் இல்ல. 'ஆஃப்லைன்'னு எழுதி வெச்சிருது. மிஷின் கெட்டுப்போச்சுன்னு அதுக்கு அர்த்தமே இல்ல. "நான் தட்டின கதவுல ஆளு இல்ல", அவ்வளவுதான்.

எண் மாறாம நிக்க வைக்கறதுதான் ஸ்டேடிக்.

கான்ஃபிகரேஷன் பேப்பர்ல எப்பவாவது 169.254-ன்னு ஆரம்பிச்சா அது வேற கதை. ரவுட்டர்கிட்ட கேட்டுப் பதிலே வராம, மிஷின் தானே ஒரு எண்ணை வெச்சுக்கிட்டதுன்னு அர்த்தம். அப்ப செட்டிங்கைத் தொடாதீங்க, முதல்ல கேபிளைப் பாருங்க. நான் போன இடத்துல பாதிக்குப் பாதி, கூட்டிப் பெருக்கற அம்மா கால்ல மாட்டி உருவின கேபிள்தான்.

ஓட்டைக்குடை
திங்கள், மதியம் 2:40

அப்புறமென்ன, காப்பியர் மெனுல போய் 'மேனுவல்'னு மாத்தி இப்ப இருக்கற 192.168.1.4-ஐயே அடிச்சு விடுங்க. எல்லா கம்ப்யூட்டர்லயும் 4-ன்னு மாத்துங்க. வேலை முடிஞ்சது.

பில்புக்
திங்கள், மதியம் 3:55

போட்டுட்டேனுங்க! 7 கம்ப்யூட்டர்ல 5-ல வருது. ஆனா என் கம்ப்யூட்டர்ல ஒரே பில்லு 11 காப்பி வந்து விழுந்துச்சு. ஒண்ணுதான் வேணும்னு கெஞ்சினாலும் நிக்கல.

டோனர்_கை
திங்கள், மாலை 4:05

அது காலைல நீங்க அழுத்தின 11 தடவை. :) நீங்க பிரிண்ட் குடுத்தா நேரா மிஷினுக்குப் போகாது. கம்ப்யூட்டருக்குள்ள ஸ்பூலர்னு ஒருத்தன் வாங்கி வரிசையில நிறுத்துவான், அந்த வரிசைக்கு 'கியூ'ன்னு பேர். வழி அடைஞ்சிருந்தா அத்தனையும் காத்துக் கிடக்கும், வழி திறந்ததும் மொத்தமா பாயும். ஆஃப்லைன்னு தெரிஞ்சா மறுபடி மறுபடி அழுத்தாதீங்க. கியூவைத் திறந்து நிக்கறதை 'கேன்சல்' பண்ணுங்க. 'டெலீட்டிங்'னு காட்டிட்டு நகராம நின்னா, சர்வீசஸ்ல போய் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்தி, விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள சிஸ்டம்32, அதுக்குள்ள ஸ்பூல், அதுக்குள்ள பிரிண்டர்ஸ். அங்க இருக்கற ஃபைலை எல்லாம் அழிச்சிட்டு ஸ்பூலரை மறுபடி ஓட விடுங்க. பிரிண்டர்ஸ் ஃபோல்டருக்கு உள்ள இருக்கறதை மட்டும். ஃபோல்டரையே அழிச்சிடாதீங்க.

சொல்_தேடி
திங்கள், மாலை 5:30

இடையில் ஒரு வார்த்தை. இந்த இழையில் 'போர்ட்' என்ற சொல் மூன்று பொருளில் வருவதைக் கவனித்தீர்களா? காப்பியரின் முதுகில் கேபிள் செருகும் ஓட்டையும் போர்ட். 9100 என்ற எண்ணும் போர்ட். விண்டோஸ் காட்டும் 'போர்ட்ஸ்' பட்டியலில் உள்ள வரியும் போர்ட். ஆங்கிலத்தில் ஒரே சொல்லை மூன்று இடத்தில் வைத்துவிட்டார்கள், கேட்பவர் குழம்புகிறார். தமிழில் முதலாவதைச் செருகுவாய் என்றும், இரண்டாவதைத் துறை எண் என்றும் பிரித்துச் சொன்னால் பாதிக் குழப்பம் தீரும். மூன்றாவதற்கு எனக்கே சொல் கிடைக்கவில்லை.

ஓட்டைக்குடை
திங்கள், மாலை 5:36

ஐயா, செருகுவாயைப் பிடுங்கி மாட்டுங்கன்னு போன்ல சொன்னா அந்தம்மா போனை வெச்சிரும்.

கேபிள்_கருப்பு
திங்கள், இரவு 9:15

சிரிக்காதீங்கப்பா, அவர் சொன்னது பாயின்ட். நான் நெட்வொர்க் வேலை பாக்கறவன். புதுசா சேர்ற பசங்களுக்கு நான் முதல் நாள் சொல்றதே இந்த மூணு போர்ட்டுதான்.

முதுகுல இருக்கறது கண்ணுக்குத் தெரியும், விடுங்க. ரெண்டாவது, எண். ஒரே ஐபி அட்ரஸ்ல ஒரு மிஷின் பல வேலை பாக்குது: பிரிண்ட் வாங்குது, தன் செட்டிங் பக்கத்தைக் காட்டுது, டோனர் எவ்வளவுன்னு பதில் சொல்லுது. வந்தவன் எந்த வேலைக்கு வந்தான்னு பிரிக்கத்தான் இந்த எண். தாலுகா ஆபீஸ் ஒரே கட்டடம், உள்ள கவுன்டர் வேற வேற இல்லையா, அது மாதிரி. 9100-வது கவுன்டர்ல நின்னு டேட்டாவைக் குடுத்தா மறுபேச்சு இல்லாம வாங்கி அடிக்கும். எதுவும் சுத்தாம அப்படியே அனுப்பறதால அதுக்கு 'ரா'ன்னு பேர். ஹெச்பியோட ஜெட்டைரக்ட்ங்கற பிரிண்டர் நெட்வொர்க் கார்டுகள் பழக்கிவிட்டது, இப்ப ஏறக்குறைய எல்லா கம்பெனி மிஷினும் 9100-ல கேக்குது. 515 பழைய எல்பிஆர் முறை. அதுல கியூ பேரையும் சரியா எழுதணும், ஒரு எழுத்து தப்பினாலும் பல மிஷின் வாங்காது. 631 ஐபிபி, அது கொஞ்சம் படிச்ச பிள்ளை. பேப்பர் இருக்கா, எந்த சைஸ், ரெண்டு பக்கமும் அடிக்க முடியுமா எல்லாம் பேசிட்டு அடிக்கும். ஐபோன்ல வர்ற ஏர்பிரிண்ட் ஓடறதும் ஐபிபி மேலதான்.

மூணாவது, விண்டோஸ் காட்டற வரி. "இந்தப் பிரிண்டருக்கு எந்த வழியா அனுப்பணும்"னு எழுதி வெச்ச குறிப்பு அது. 'ஸ்டாண்டர்ட் டிசிபி ஐபி போர்ட்'னா ஐபி எண்ணும் கவுன்டர் எண்ணும் எழுதின குறிப்பு. டபிள்யூஎஸ்டின்னா எண்ணே எழுதாம, ஒவ்வொரு தடவையும் நெட்வொர்க்ல "அந்த காப்பியர் எங்கப்பா இருக்க?"ன்னு சத்தம் போட்டுத் தேடற முறை. விண்டோஸ் விஸ்டா காலத்துல வந்தது. எண் மாறினாலும் கண்டுபிடிக்கணும்ங்கறதுதான் நோக்கம், நல்ல நோக்கம்தான். ஆனா அந்தச் சத்தத்தை ஃபயர்வால் (கம்ப்யூட்டரோட வாசல் காவல்காரன்) அடைச்சாலோ, கம்ப்யூட்டர்ல நெட்வொர்க் 'பப்ளிக்'னு மாறியிருந்தாலோ பதில் வராது. பிங் ('இருக்கியா?'ன்னு அந்த எண்ணைக் கூப்பிட்டுப் பாக்கற கட்டளை) அடிச்சா மிஷின் பேசும், ஆனா பிரிண்டர் ஆஃப்லைன்னு நிக்கும். ஆபீஸ்ல நான் டபிள்யூஎஸ்டியைப் பாத்தாலே தூக்கிடுவேன். வீட்டுல ஒரு பிரிண்டர் ஒரு லேப்டாப்னா இருந்துட்டுப் போகட்டும்.

வராத அந்த 2 கம்ப்யூட்டர்ல 'ஆட் போர்ட்' போட்டு டிசிபி ஐபி போர்ட் ஒண்ணு புதுசா சேருங்க.

அங்கேயே 'கான்ஃபிகர் போர்ட்'டைத் திறந்தா அடியில 'எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்டு'ன்னு டிக் இருக்கும். எஸ்என்எம்பிங்கறது மிஷினோட உடம்பு எப்படி இருக்குன்னு நலம் விசாரிக்கற முறை. விண்டோஸ் விசாரிச்சு மிஷின் பதில் சொல்லலைன்னா, அதுக்கு வழி நல்லா இருந்தாலும் 'ஆஃப்லைன்'னு முடிவு கட்டிடும். பல காப்பியர்ல பாதுகாப்புக்காக இந்தப் பதிலை அடைச்சு வெச்சிருப்பாங்க. டிக்கை எடுத்தா விசாரிக்காம அனுப்பிடும்.

பழைய_யூஎஸ்பி
செவ்வாய், காலை 8:50

இவ்வளவு பாடு எதுக்கு? எங்க கடையில ஒரு கம்ப்யூட்டர்ல யூஎஸ்பி கேபிள் மாட்டி, மத்த 3-க்கும் 'ஷேர்' போட்டிருக்கோம். ஐபியும் இல்ல, கீபியும் இல்ல.

டோனர்_கை
செவ்வாய், காலை 9:20

ஐபி இல்லாம இல்லண்ணே, உங்க கம்ப்யூட்டரோட ஐபி இருக்கு. அந்தக் கம்ப்யூட்டரை அணைச்சா மத்த மூணும் அம்போ. 2021 ஜூலைல பிரிண்ட் ஸ்பூலர்ல பெரிய ஓட்டை ஒண்ணு வெளிய வந்துச்சு, பிரிண்ட்நைட்மேர்னு பேர் வெச்சாங்க. அதை அடைக்க அடுத்தடுத்து அப்டேட் வந்தப்புறம், ஷேர் போட்ட பிரிண்டரை இன்னொரு கம்ப்யூட்டர்ல சேர்க்கப் போனா அட்மின் பாஸ்வேர்டு கேக்க ஆரம்பிச்சது. '11பி'ன்னு முடியற எரர் அந்த செப்டம்பர் அப்டேட்டுக்கு அப்புறம் எத்தனை கடையில பாத்தேன்னு கணக்கே இல்ல. மிஷின்ல நெட்வொர்க் ஓட்டை இருந்தா நேரா அதுல மாட்டறதுதான் என் கட்சி.

பழைய_யூஎஸ்பி
செவ்வாய், காலை 9:41

அந்த 11பி எங்களுக்கும் வந்துச்சு. அப்ப அப்டேட்டையே எடுத்துட்டோம்.

கேபிள்_கருப்பு
செவ்வாய், காலை 10:02

பூட்டு இறுகுதுன்னு கதவையே கழட்டின கதை. புதுசா வந்த அப்டேட் எல்லாம் போடுங்க சாமி.

பில்புக்
புதன், காலை 9:50

மறுபடி போச்சுங்க. நேத்து நைட்டு இடி மழை, கரன்ட் போய் வந்துச்சு. இன்னைக்கு ஒரு கம்ப்யூட்டர்லயும் பிரிண்ட் வரல. நானும் கத்துக்கிட்டு பிங் அடிச்சேன், 192.168.1.4 பதில் சொல்லுது! ஆனா பேப்பர் மட்டும் வரல. ஸ்டேடிக் போட்டா மாறாதுன்னுதானே சொன்னீங்க?

கேபிள்_கருப்பு
புதன், காலை 10:05

ஒரு சோதனை பண்ணுங்க. காப்பியரைச் சுத்தமா ஆஃப் பண்ணிட்டு, அப்புறம் 4-க்கு பிங் அடிங்க.

பில்புக்
புதன், காலை 10:14

ஆஃப் பண்ணின மிஷின் பதில் சொல்லுதுங்க. எனக்கு ஒரு மாதிரி இருக்கு.

கேபிள்_கருப்பு
புதன், காலை 10:30

பேயில்ல மேடம், யாரோ ஒருத்தர் போன். நேத்து முந்தாநாள் ஓட்டைக்குடை சொன்ன வழியில இந்தக் குழி இருந்துச்சு, நானும் கவனிக்காம விட்டுட்டேன்.

நீங்க காப்பியர்கிட்ட "நீ 4-லயே இரு"ன்னு சொல்லிட்டீங்க. ரவுட்டர்கிட்ட "4-ஐ யாருக்கும் குடுக்காதே"ன்னு யாரும் சொல்லல. காலைல ரவுட்டர் முழிச்சப்ப காப்பியர் இன்னும் சூடாகிட்டு இருந்திருக்கும். அதுக்குள்ள யாரோ உள்ள வந்து போன்ல வைஃபை பிடிச்சிருப்பாங்க. 4 காலியா இருக்கேன்னு ரவுட்டர் தூக்கிக் குடுத்துருச்சு. இப்ப ஒரே ரூமுக்கு ரெண்டு பேர். இதுக்கு 'ஐபி கான்ஃப்ளிக்ட்'னு பேர்.

ஆள் யார்னு பாக்கணும்னா மேக் அட்ரஸ் இருக்கு. ஐபி மாறும். மேக் தொழிற்சாலைலயே கருவிக்குக் குத்தின முத்திரை எண், 12 இடம், 0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும் கலந்திருக்கும். முன் பாதி தயாரிச்ச கம்பெனியைக் காட்டும். காப்பியரோடது கான்ஃபிகரேஷன் பேப்பர்ல இருக்கு. ரவுட்டரோட செட்டிங் பக்கத்தைத் திறந்தா இப்ப 4-ஐ வெச்சிருக்கறவனோட மேக் தெரியும். ரெண்டையும் ஒத்துப் பாருங்க. போன்ல 'பிரைவேட் அட்ரஸ்' ஓடிச்சுன்னா பொய் மேக் காட்டும், கம்பெனி பேர் வராது. ஆனா காப்பியர் இல்லைன்னு தெரிஞ்சா போதுமே.

சரி பண்ண ரெண்டு வழி. ரவுட்டர்ல டிஹெச்சிபி பூல்னு இருக்கும், எந்த எண் முதல் எந்த எண் வரை வினியோகம்னு. உங்களுக்கு 2 முதல் 254 வரைன்னு இருக்கலாம். அதை 100 முதல் 200-ன்னு சுருக்கிட்டு காப்பியரை 20-ல உக்கார வைங்க. இல்லைன்னா காப்பியரை டிஹெச்சிபிலயே விட்டுட்டு, ரவுட்டர்ல 'அட்ரஸ் ரிசர்வேஷன்' போய் "இந்த மேக் வந்தா இந்த எண்தான்"னு எழுதி வைங்க. எனக்கு ரெண்டாவதுதான் பிடிக்கும், ஏன்னா எல்லா எண்ணும் ஒரே இடத்துல எழுத்துல இருக்கும்.

டோனர்_கை
புதன், காலை 10:52

நான் முதல் கட்சி. கஸ்டமர் ரவுட்டர் பாஸ்வேர்டு எனக்கு எவன் குடுக்கறான்? ரவுட்டரை நெட் கம்பெனிக்காரன் எப்ப வேணா வந்து மாத்திட்டுப் போயிடுவான், ரிசர்வேஷனும் அதோட போச்சு. பூலை மட்டும் சுருக்கச் சொல்லிட்டு மிஷின்ல எண்ணை அடிச்சிட்டு வந்துடுவேன்.

பில்புக்
புதன், மதியம் 1:15

4-ஐப் பிடிச்சு வெச்சிருந்தது எங்க முதலாளி போனுங்க. அவர்கிட்ட சொல்லல.

பூலை 100 முதல் 200 ஆக்கி காப்பியரை 192.168.1.20-ல போட்டாச்சு. சப்நெட் மாஸ்க்னு கேட்டுச்சு, ஏற்கனவே 255.255.255.0-ன்னு இருந்துச்சு, அப்படியே விட்டுட்டேன். கேட்வேன்னு ஒண்ணு 0.0.0.0-ன்னு இருந்துச்சு, அதையும் தொடல. 7 கம்ப்யூட்டர்லயும் வருது!

டோனர்_கை
புதன், மதியம் 1:22

அவர் போன்லயே சொன்னாரே மேடம், மறக்காதீங்கன்னு. புரிஞ்ச ஒரே வார்த்தையையே மறந்துட்டீங்களே. :) பிரிண்ட் வரும். ஸ்கேனை மெயில்ல அனுப்பிப் பாருங்க.

பில்புக்
புதன், மதியம் 1:40

போகலீங்க. 'சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை'ங்கற மாதிரி வருது. போன வாரம் வரைக்கும் போய்ட்டு இருந்துச்சு. பிரிண்ட் வருது, மெயில் போகலைன்னா எப்படிங்க?

டோனர்_கை
புதன், மதியம் 2:35

இந்த இடம் புரிஞ்சுதுன்னா நீங்க பாதி டெக்னீஷியன்.

255.255.255.0 என்ன சொல்லுதுன்னா, "எண்ணோட முதல் மூணு பகுதி ஒண்ணா இருந்தா அவன் நம்ம தெருக்காரன்". உங்க கம்ப்யூட்டர் 192.168.1.105, காப்பியர் 192.168.1.20. 192.168.1 வரைக்கும் ஒண்ணு, ஒரே தெரு. தெருவுக்குள்ள ஒருத்தருக்கொருத்தர் நேரா பேசிக்கலாம், யார்கிட்டயும் வழி கேக்க வேண்டாம். அதனால பிரிண்ட் ஜம்முனு வருது.

மெயில் சர்வர் உங்க தெருவுல இல்ல. தெருவைத் தாண்டிப் போகணும்னா எந்த வாசல் வழியா வெளிய போறதுன்னு காப்பியருக்குத் தெரியணும். அந்த வாசல்தான் கேட்வே. உங்களுக்கு அது ரவுட்டரோட எண், பெரும்பாலும் 192.168.1.1. டிஹெச்சிபில இருந்தப்ப ரவுட்டர் ஐபியோட சேர்த்து மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ் எல்லாத்தையும் ஒரே பொட்டலமா குடுத்துக்கிட்டிருந்துச்சு. நீங்க கையால போட ஆரம்பிச்சதும் நாலையும் நீங்கதான் எழுதணும். அதான் போன வாரம் போனது இந்த வாரம் போகல.

டிஎன்எஸ்னு சொன்னேனே, அது மெயில் சர்வரோட பேரை எண்ணா மாத்திச் சொல்றவன். அங்கயும் ரவுட்டர் எண்ணையே போடலாம், இல்ல 8.8.8.8 போடலாம். அது காலியா இருந்தா வாசல் திறந்திருந்தாலும் போற இடம் தெரியாது.

அனுப்பறது ஜிமெயில் கணக்குன்னா ஒரு எச்சரிக்கை. 2022 மே கடைசியில இருந்து, சாதா பாஸ்வேர்டை மட்டும் வெச்சு இப்படிப்பட்ட மிஷின் உள்ள நுழையறதை கூகுள் நிறுத்த ஆரம்பிச்சது. டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டு, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு தனியா எடுத்து, அதைத்தான் காப்பியர்ல அடிக்கணும். கவுன்டர் 587.

பில்புக்
புதன், மாலை 4:10

கேட்வே, டிஎன்எஸ் ரெண்டும் 192.168.1.1 போட்டேன். ஸ்கேன் முதலாளி மெயிலுக்குப் போயிருச்சு. பாஸ்வேர்டு முன்னாடியே அந்த 16 எழுத்துதானாம், நல்லவேளை.

வரிசை_எண்_3
புதன், இரவு 8:30

எங்க ஆபீஸ்ல ஸ்கேன் மெயிலுக்குப் போகாது, கம்ப்யூட்டர் ஃபோல்டருக்கே வரும். புது லேப்டாப் வாங்கின டேபிள்ல மட்டும் வர மாட்டேங்குது. 'எஸ்எம்பி1-ஐ ஆன் பண்ணுங்க'ன்னு வீடியோல சொல்றாங்க. பண்ணலாமா?

கேபிள்_கருப்பு
புதன், இரவு 10:20

பண்ணாதீங்க. எஸ்எம்பிங்கறது விண்டோஸ்ல ஃபோல்டர் பகிர்ந்துக்கற மொழி, கவுன்டர் 445. அதோட முதல் பதிப்புல இருந்த ஓட்டை வழியாத்தான் 2017 மே மாசம் வான்னாக்ரைங்கற, ஃபைலைப் பூட்டிப் பணம் கேக்கற வைரஸ் உலகம் பூரா பரவுச்சு. அந்த வருஷக் கடைசி விண்டோஸ் 10 பதிப்புல இருந்து எஸ்எம்பி1 தானா வர்றதில்ல. பழைய காப்பியர் அந்த மொழி மட்டும்தான் பேசும்னா புது லேப்டாப்புக்குக் காது கேக்காது. விண்டோஸ் 11-ல 24ஹெச்2 பதிப்பு ப்ரோல இன்னும் ஒரு படி மேல, ஒவ்வொரு செய்திக்கும் கையெழுத்து இருந்தாத்தான் வாங்கும். அதுக்கு 'எஸ்எம்பி சைனிங்'னு பேர். காப்பியர் கம்பெனியில புது ஃபர்ம்வேர் (மிஷினுக்கு உள்ளயே ஓடற சாஃப்ட்வேர்) இருக்கான்னு கேளுங்க. இல்லைன்னா ஸ்கேனை மெயிலுக்குத் திருப்பி விடுங்க.

இதெல்லாம் பாக்கறதுக்கு முன்னாடி அற்பமா ஒண்ணு பாருங்க: அந்த லேப்டாப்ல லாகின் பாஸ்வேர்டு மாத்தினாங்களா? காப்பியர் அட்ரஸ் புக்குல பழைய பாஸ்வேர்டு கிடக்கும். ஸ்கேனுக்குன்னே தனியா ஒரு யூசர் போட்டு வெச்சா இந்தத் தொல்லை இல்ல.

வரிசை_எண்_3
வியாழன், காலை 9:35

பின் நம்பர் வெச்சு லாகின் பண்றார், பாஸ்வேர்டு அவருக்கே ஞாபகமில்ல. காப்பியர்ல பின் நம்பரை அடிச்சு வெச்சிருக்காங்க! தனி யூசர் போட்டதும் வந்துருச்சு.

லேப்_அட்டெண்டர்
வியாழன், காலை 11:00

காலேஜ் லேப்ல பிரிண்ட் குடுத்தா கொக்கி கொக்கியா புரியாத எழுத்து, பக்கத்துக்கு ஒரு வரி, 200 பக்கம் ஓடுது. இதுவும் ஐபியா?

டோனர்_கை
வியாழன், காலை 11:25

இல்ல தம்பி. ஐபி தப்பா இருந்தா பேப்பரே வராது. உனக்கு வருது, அப்ப வழி சரி, மொழி தப்பு. மிஷின்கிட்ட பக்கத்தை வரைஞ்சு சொல்ற மொழிகள் இருக்கு: ஹெச்பி கொண்டுவந்த பிசிஎல், அடோபியோட போஸ்ட்ஸ்கிரிப்ட். உன் கம்ப்யூட்டர்ல போஸ்ட்ஸ்கிரிப்ட் டிரைவர் (மிஷினோட மொழிக்கு மாத்திக் குடுக்கற சாஃப்ட்வேர்), மிஷின்ல பிசிஎல் மட்டும்னா, அது படம் வரையறதுக்குப் பதிலா கட்டளையையே எழுத்தா அடிச்சுத் தள்ளும். முதல் பக்கத்துல சதவீதக் குறியும் ஆச்சரியக்குறியும் வந்தா சந்தேகமே வேண்டாம். டிரைவரை மாத்து. பேப்பர் டிரேயை உருவிட்டு கியூவை முதல்ல காலி பண்ணு.

பில்புக்
வியாழன், மதியம் 3:20

முதலாளி ஐபோன்ல இருந்து பிரிண்ட் எடுக்கணுமாம். அவர் போன்ல மிஷின் பேரே காட்டல. மத்தவங்க போன்ல காட்டுது.

கேபிள்_கருப்பு
வியாழன், மதியம் 3:48

அவர் எந்த வைஃபைல இருக்கார்? 'கெஸ்ட்'னு முடியற பேரா? ஏர்பிரிண்ட்டும் சத்தம் போட்டுத் தேடற ஜாதிதான், அந்தச் சத்தம் ஒரே நெட்வொர்க்குக்குள்ளதான் கேக்கும். கெஸ்ட் வைஃபைங்கறதே விருந்தாளியைத் திண்ணையோட நிறுத்தறதுக்கு. உள்ள இருக்கற காப்பியரைக் காட்டாது. 'டைரக்ட்'னு ஆரம்பிக்கற வைஃபை பேரையும் தொட வேண்டாம்னு சொல்லுங்க. அது ரவுட்டரை விட்டுட்டு மிஷினே தனியா பரப்பற வைஃபை, அதுல போனா அவருக்கு நெட் வராதுன்னு கத்துவார்.

பில்புக்
வியாழன், மாலை 4:02

கெஸ்ட்லதான் இருந்தாருங்க. சொந்த ஆபீஸ்லயே விருந்தாளி. மாத்திக் குடுத்துட்டேன், வருது.

வீட்டுல இருந்தும் பிரிண்ட் குடுக்க வழியிருக்கான்னு கேக்கறார். ரவுட்டர்ல 9100-ஐ வெளிய திறந்து விட்டா முடியும்னு அவர் நண்பர் சொன்னாராம்.

கேபிள்_கருப்பு
வியாழன், மாலை 4:06

வேண்டவே வேண்டாம். 9100 யார் என்ன குடுத்தாலும் அடிக்கும்னு சொன்னேன்ல? 2018 நவம்பர்ல, அப்படித் திறந்து கிடந்த சுமார் 50,000 பிரிண்டர்ல ஒரு யூடியூப் சேனலுக்கு சப்ஸ்கிரைப் பண்ணச் சொல்லி நோட்டீஸ் அடிச்சேன்னு ஒருத்தர் பெருமையா சொல்லிக்கிட்டார். நோட்டீஸ் அடிச்சவன் நல்லவன். காப்பியரோட அட்மின் பாஸ்வேர்டும் வாங்கினப்ப இருந்ததேதான் இருக்கும், அதையும் மாத்துங்க.

பில்புக்
அடுத்த திங்கள், காலை 10:35

மெயின் போட்டதும் 7-லயும் பிரிண்ட் வந்துச்சுங்க. இ-வே பில்லை டிரைவர் கையில குடுத்தப்ப "இன்னைக்கு ஓடலையாக்கா?"ன்னு கேட்டார்.

ஆனா முதலாளி ஞாயித்துக்கிழமை புது ரவுட்டர் வாங்கிட்டு வந்துட்டார். இன்னும் மாட்டல. பெட்டியைப் புரட்டிப் பாத்தேன், அடியில 192.168.0.1-ன்னு போட்டிருக்கு. நம்ம காப்பியர் 192.168.1.20. தெரு மாறிப் போகுமில்லீங்க? மாட்டறதுக்கு முன்னாடி ரவுட்டரை 192.168.1.1 ஆக்கி, பூலை 100-ல இருந்து போட்டுட்டா, காப்பியரையும் 7 கம்ப்யூட்டரையும் தொட வேண்டாம்னு நினைக்கறேன். சரிதானுங்களா?

டோனர்_கை
அடுத்த திங்கள், காலை 10:41

சரிதான் மேடம். பழைய வைஃபை பேரு, பாஸ்வேர்டையும் அப்படியே அதுலயும் வைங்க, இல்லைன்னா முதலாளி போன் மறுபடி உங்களைத் தேடி வரும்.